எந்த அடுக்கு, எந்த ஆடி?

ஒளியையும் பொருளையும் பிரித்தறிய முடியாதபடி கலக்கவைக்கும் வன்பிணைப்புச் சோதனையில் இறங்கும் மாணவர்கள், எந்தப் பொருளில் நிறமாலை வரியின் பிளவு அதிகம் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். ஆய்வகத்தில் திரவ ஹீலியக் குளிரூட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தத் தேடலைத் தொடங்குவது நல்லது.

ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள குறைகடத்தியை இரண்டு ஆடிகளுக்கு நடுவேயுள்ள ஒளிக்குழியில் வைத்தால், அதன் எக்ஸிட்டானும் (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த இணை) ஒளியும் ஆற்றலை மாறி மாறிக் கொடுத்து வாங்கி போலாரிட்டான்கள் ஆகின்றன. நிறமாலையில் ஒரு வரி இரண்டாகப் பிளக்கிறது. எக்ஸிட்டான், ஒளிக்குழி இரண்டின் வரியகலங்களின் சராசரியைவிட அந்தப் பிளவு பெரிதாக இருந்தால்தான் வன்பிணைப்பு என்று துணிந்து சொல்லலாம். பிளவை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு.

நியூயார்க் சிட்டி காலேஜ் குழு 2015இல் மாலிப்டினம் டைசல்பைடில், அறை வெப்பநிலையிலேயே 46 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பிளவைக் காட்டியது. முன்னோடிச் சோதனைதான், ஆனால் அந்தப் பொருளின் வரி அகலமானது. குளிரூட்டி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது டங்ஸ்டன் டைசல்பைடு. ஆக்ஸ்ஃபோர்டில் 2016இல், திறந்த ஒளிக்குழியில் அது 70 மில்லி எலக்ட்ரான் வோல்ட் தந்தது. அதன் வரியும் குறுகலானது.

அதே பொருளைக் குளிர்வித்தால் ஏமாற்றம்தான். அதன் மிகத் தாழ்ந்த எக்ஸிட்டான் நிலை ஒளி உமிழாதது. குளிரக் குளிர ஒளிர்வு மங்கும். ஹீலியம் கையில் இருந்தால் மாலிப்டினம் டைசெலினைடையே எடுங்கள். ஷெஃபீல்டு குழு 2015இல் ஒற்றை அடுக்கில் கண்ட பிளவு 20தான். இரண்டு அடுக்குகளில் 29. அடுக்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பிளவு வளரும் என்ற கணக்கு அப்படியே பலித்திருக்கிறது! குளிரில் வரி வெகுவாகக் குறுகுவதால் 20 என்பதே தாராளம். போலாரிட்டான்கள் ஒரே நிலையில் திரளும் குளிர்செறிவு 2021இல் அறிவிக்கப்பட்டதும் இந்தப் பொருளில்தான்.

ஆடிகளில் வெள்ளிப்படலம் எளிது. ஒளியை இறுக்கமாக அடைப்பதால் பிளவு பெரிதாகும். ஆனால் உலோகம் ஒளியை விழுங்குவதால் போலாரிட்டான் நொடியில் மடிந்துவிடும். ஒளிர்வு அணையாமலிருக்க இடையில் ஒரு மின்காப்புப் படலமும் வேண்டும். சிலிக்கான் ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் கால் அலைநீளத் தடிமனில் மாறி மாறி அமைந்த பிராக் ஆடியில் ஒளி நெடுநேரம் தங்கும். அது ஆடிக்குள்ளும் ஊடுருவுவதால் பிளவு சற்றுக் குறையும். குளிர்செறிவு ஆய்வுக்கு இதுவே சரி. பீசோ மின்நகர்த்தியால் ஆடிகளின் இடைவெளியை மாற்றக்கூடிய திறந்த ஒளிக்குழியில், இரண்டு வரிகள் நெருங்கி வந்து தொடாமல் விலகுவதைத் திரையிலேயே பார்க்கலாம். அதற்கு அதிர்வில்லாத மேசை கட்டாயம்.

பிராக் ஆடியின் மேற்பாதியைப் படியவைக்கும்போதுதான் பல மாதிரிகள் பாழாகின்றன. பிளாஸ்மா பட்டால் அடுக்கு சிதையும். மேலே போரான் நைட்ரைடு போர்த்துவது நல்ல காப்பு. படியவைக்கும் முன்னும் பின்னும் அதே இடத்தில் ஒளிர்வை அளந்து வையுங்கள். பிளவு தெரியாமல் போனால், கோளாறு அடுக்கிலா ஆடியிலா என்று அந்த இரண்டு அளவுகளை வைத்துத்தான் தேட முடியும்.