பேர் நோட்டை உன் கையால் எழுது

திருக்கழுக்குன்றம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. வெள்ளிக்கிழமை உன் அம்மா போன் செய்தாள். நீ ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ரூமுக்கு வருகிறாய், வேளைக்குச் சாப்பிடுவதில்லை, சைட்டில் ஒரு பையன் சாரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள். கான்ட்ராக்டர் உன்னையே நாற்பது ஆள் இறக்கி லேபர் கான்ட்ராக்ட் எடுக்கச் சொல்கிறாராம், நீயும் அவள் வளையலைக் கேட்டிருக்கிறாயாம். கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

எடுப்பதும் விடுவதும் உன் முடிவு. வளர்ந்த பிள்ளை, டிப்ளமோ படித்தவன், நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கொத்தனார், கம்பி ஆள், சென்ட்ரிங் ஆள், சித்தாள் எல்லாம் கலந்து தலைக்குச் சராசரி 900 ரூபாய் என்று வை. நாற்பது பேருக்கு நாளைக்கு 36,000. ஆறு நாளைக்கு 2,16,000. சனிக்கிழமை சாயங்காலம் அது உன் கையில் இருந்தாக வேண்டும். உனக்கு எப்போது வரும்? அளவெடுத்து, பில் போட்டு, ஓனர் பக்கத்து இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு வருவதற்கு ஒரு மாதமாவது ஆகும். அதுவரை எட்டரை லட்சத்துக்கு மேல் நீ புரட்ட வேண்டும். வருகிற பில்லிலும் கொஞ்சம் பிடித்துவைப்பார்கள். வளையல் எத்தனை சனிக்கிழமைக்குத் தாங்கும்? அப்புறம் நீயே, இவ்வளவு நல்ல மனசுள்ள நீயே, "இந்த வாரம் பாதி வாங்கிக்கோ" என்பாய். பாக்கி நிற்கிறவன் உன்னை விட்டுப் போக மாட்டான். அதை விசுவாசம் என்று நினைத்துக்கொள்வாய். ஊரிலிருந்து ஆள் கூட்டிவருகிற சர்தாருக்கு முன்பணம் வேறு தர வேண்டும். முன்பணம் கொடுத்தவனுக்கு, காய்ச்சலில் படுத்திருப்பவனைப் பார்த்தாலும் கடன்தான் கண்ணில் படும்.

பணம் போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்கு வேறு பயம். சம்பளத்துக்கு இருக்கிற சூப்பர்வைசரால் "வேலையை நிறுத்து" என்று சொல்ல முடியும். லேபர் கான்ட்ராக்ட் எடுத்தவன் அந்த வார்த்தையைச் சொன்னால் அன்றைக்கே அவனுக்கு 36,000 போச்சு. எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றுதான் தோன்றும்.

உங்கள் சைட்டில் ஸ்லாபுக்கு ஐந்தாம் நாளே முட்டு பிரிக்கிறார்கள் என்று அத்தையின் தம்பி பையன் சொன்னான். இது உண்மையா? ஐ.எஸ். 456 நீ படித்ததுதான். நாலரை மீட்டர் வரை ஸ்பான் உள்ள ஸ்லாபுக்கு முட்டு ஏழு நாள், அதற்கு மேல் போனால் பதினான்கு. பீமுக்கு ஆறு மீட்டர் வரை பதினான்கு, மேலே போனால் இருபத்தொன்று. அதுவும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. இப்போது நிறைய சைட்டில் சாம்பல் கலந்த பி.பி.சி.தான் வருகிறது, அது மெதுவாக இறுகும், இன்னும் பொறுக்க வேண்டும். ஆனால் சென்ட்ரிங் தட்டு வாடகைக்கு வந்தது, அடுத்த தளத்துக்கு வேண்டும், ஓனர் அவசரப்படுகிறார். அப்போது சட்டென்று வேண்டாம் என்று சொல்கிற வாய் யாருக்கு இருக்கும், அதைச் சொல்.

சைட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாமல்லபுரத்து ஐந்து ரதம் இருக்கிறது. போய்ப் பார்த்தாயா? பாறையை மேலேயிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேலே சிகரம் முடிந்திருக்கும், கீழே அடிப்பகுதி முடியாமல் நிற்கும். தலைக்கு மேல் விழுவதற்கு எதுவும் இல்லாத வேலை அது. நாம் கீழேயிருந்து மேலே போகிறவர்கள். நம் ஆள் எப்போதும் ஈரக் கான்கிரீட்டுக்கு அடியில்தான் நிற்கிறான்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடி, சாயங்கால மழையில் அப்படியே உட்கார்ந்தது. அப்போது அதுவும் நம் செங்கல்பட்டும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம், 2019-ல்தான் நாம் பிரிந்தோம். 61 பேர் செத்தார்கள். 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்து ஆட்கள், ஒடிசாக்காரர்கள், நம் ஊர் ஆட்கள். மண்ணோடு மண்ணாக ஒரு வாரம் தோண்டினார்கள். உள்ளே எத்தனை பேர் என்று முதல் ராத்திரி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டிசைன் தப்பா, மண் தப்பா என்பதெல்லாம் கமிஷன் பார்க்கிற விஷயம். ஆள் எத்தனை என்பது மேஸ்திரியும் சூப்பர்வைசரும் பார்க்க வேண்டிய விஷயம். அது அன்றைக்கு யார் கையிலும் இல்லை. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்து இறக்கினார்கள், டி.வி.யில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன், பேர் நோட்டு உன்னுடையதாக இருக்கட்டும். மொபைல் ஆப்பில் முகத்தைக் காட்டி ஆஜர் போடுகிறீர்களாம். அது கான்ட்ராக்டருடைய ஆப். நீ ஒரு நூறு பக்க நோட்டு வாங்கு. பேர், தகப்பன் பேர், ஊர், மாவட்டம், வீட்டில் ஒருவருடைய போன் நம்பர், இன்றைக்கு எந்தத் தளத்தில் வேலை. காலையில் ஒரு தடவை எண்ணு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை எண்ணு, விளக்குப் போட்டதும் ஒரு தடவை எண்ணு. "பீகாரி, இங்கே வா" என்று கூப்பிடாதே. அவன் பேரைக் கேட்டு எழுதினாலே பாதி வேலை ஒழுங்காகிவிடும். 2023 மார்ச்சில் வடக்கத்தி ஆட்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதே, அப்போது பயந்துபோய் எனக்குப் போன் செய்து "போகட்டுமா, இருக்கட்டுமா" என்று கேட்டவர்கள் எல்லோரும் நான் பேர் எழுதி வைத்திருந்தவர்கள்தான்.

பூஞ்சேரிக் கூட்டு ரோட்டில் தினமும் டீ குடிக்கிறாய். அங்கே நொண்டி வீரப்பன் தொட்டி என்று சொல்கிற பாறையில் பல்லவர் காலத்துக் கல்தச்சர்களுடைய பேர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் செமகன் என்று போகும். ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முந்தி கல்லில் பேர் வெட்ட ஒருவனுக்கு நேரம் இருந்திருக்கிறது. நமக்குப் பேனாவில் எழுத நேரமில்லையா?

என் நோட்டு விஷயம் உனக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டு சைட். மதுராந்தகம் பக்கத்துப் பெண், கலவைச் சட்டியோடு சன்ஷேடு உடைந்து விழுந்தாள். கான்ட்ராக்டர் "அவள் எங்கள் ஆளே இல்லை, பக்கத்து சைட்" என்றார். என் நோட்டில் மூன்று வாரமாக அவள் பேர் இருந்தது, ஒவ்வொரு சனிக்கிழமையும் பெருவிரல் ரேகை இருந்தது. புது நோட்டு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள், கவரும் காட்டினார்கள். நான் பழைய நோட்டைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்தது. ஆள் கான்ட்ராக்டருடையவன் என்றாலும் வேலை கொடுத்த முதலாளியும் பொறுப்பு என்று அதிலேயே இருந்தது. அவள் பிள்ளைகளுக்குப் பணம் வந்தது. எனக்கு வேலை போனது, அந்த ரோட்டில் வெகுநாள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அப்போதுதான் உன் அப்பா, உன் காதுகுத்தில் நாலு பேர் முன்னால், "மச்சானுக்குப் பிழைக்கத் தெரியாது" என்றார். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் அவர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் பணம் கட்டியது யார் என்று உன் அம்மாவைக் கேள். வேண்டாம், கேட்காதே, அவளுக்குச் சங்கடம். ஆள் கணக்கை எழுதுகிறவனுக்கு அந்தக் கணக்கில் லாபமோ நஷ்டமோ இருக்கக்கூடாது என்று நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். லேபர் கான்ட்ராக்ட் எடுத்தால் நோட்டு எழுதுகிறவனும் நீ, அதில் ஒரு பேர் குறைந்தால் பணம் மிச்சமாகிறவனும் நீ. உன் அப்பா எடுக்கச் சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கை முறிந்த பையன் பேர் ஆஜர் கணக்கில் இருக்கிறதா என்று பார். அவனுக்குச் சம்பளம் போகிறதா, யார் சாப்பாடு தருகிறார்கள் என்று விசாரி. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் நம் தமிழ்நாட்டில் 1994-லேயே வந்துவிட்டது, மத்திய சட்டம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி. பதினெட்டிலிருந்து அறுபது வயது வரை பதிந்துகொள்ளலாம், வெளிமாநில ஆட்களும் பதியலாம். உன் சைட்டில் எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது? சித்தாள்களைத் தனியாகக் கேள், பத்து வருஷம் மண் சுமந்தும் அட்டை இல்லாதவர்கள் இருப்பார்கள்.

கடற்கரை மண்ணைப் பற்றி ஒன்று. செங்கல்பட்டுச் செம்மண்ணில் வானம் தோண்டினால் சுவர் கொஞ்ச நேரம் நிற்கும். உங்கள் மணலில் நிற்காது, காலையில் காய்ந்து நின்றது மதியம் லாரி போகிற அதிர்வுக்கே சரியும். ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால் பலகை அடைத்து முட்டுக் கொடுக்காமல் ஒருவனையும் உள்ளே இறக்காதே, செருப்பு விழுந்தாலும் எடுக்க விடாதே. கம்பிக்கு 45 மில்லி மூடல் வேண்டும் என்று தெரியும், கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லியைச் சொருகுகிறார்களா என்று குனிந்து பார். குடிதண்ணீரையும் பார். அங்கே போர் தண்ணீர் உப்பு. ஆட்கள் க்யூரிங்குக்கு டாங்கரில் வந்த தண்ணீரையே தொட்டியிலிருந்து மொண்டு குடிப்பார்கள், பாசி ஒதுக்கிவிட்டுக் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கேன் தண்ணீர் வைக்கச் சொல். கான்ட்ராக்டர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். சம்பளத்துக்கு இருக்கிறவனால் இதைக் கேட்க முடியும்.

நிறைய எழுதிவிட்டேன். மாமா திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் உன்னைப்போல் மட்டம் பிடிக்கிற கண் யாருக்கும் வாய்க்கவில்லை. ஒன்பதாவது படிக்கும்போதே நம் வீட்டுத் திண்ணை அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நீ. உன்னிடம் வேலை செய்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், உன் அப்பாவிடமும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. சதுரங்கப்பட்டினம் மீன் வாங்கிவைக்கிறேன், அத்தை குழம்பு வைப்பாள். லீவில் இருக்கிற பையன்கள் இரண்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் ரொட்டிதான் சாப்பிடுவார்கள் என்றால் அதற்கும் ஏற்பாடு செய்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் கான்ட்ராக்ட் எடுப்பது என்றே நீ முடிவு செய்தால், உன் அம்மா வளையலைத் தொடாதே, இந்த வீட்டுப் பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது, நானே பாங்குக்கு வருகிறேன். நோட்டு மட்டும் நான் எழுதுகிறேன். தினமும் காலை ஆறு மணி பஸ்ஸில் வந்துவிடுவேன், எனக்குச் சம்பளம் வேண்டாம்.

அன்புடன்,
உன் மாமா