மூணு பேர், ஒரு கீபோர்டு, அஞ்சு மணி நேரம்

"லீட்கோட்ல 200 ப்ராப்ளம் முடிச்சாச்சு, ஐசிபிசிக்குப் போலாமா?" என்று ஜூனியர்ஸ் கேட்கிறார்கள். தாராளமா போலாம். ஆனா அங்க ஆட்டமே வேற. மூணு பேர் கொண்ட டீமுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர், நேரம் 5 மணி. அங்க பற்றாக்குறை மூளைக்கு இல்ல, கீபோர்டுக்குத்தான்.

முதல்ல மதிப்பெண் கணக்கைப் புரிஞ்சுக்கோங்க. அதிகக் கேள்விகளை முடிச்ச டீம் மேலே. சமமா இருந்தா, பெனால்டி நேரம் குறைவான டீம் மேலே. ஒரு கேள்வி 70ஆவது நிமிஷத்துல அக்செப்ட் ஆச்சு, அதுக்கு முன்னாடி 2 தடவை தப்பா அனுப்பியிருக்கீங்கன்னு வைங்க. ஒரு தப்புக்கு 20 நிமிஷம், ஆக 70 + 40 = 110. முடிக்காமலே விட்ட கேள்விக்குப் பெனால்டி கிடையாது. ஸ்டெப்புக்கு மார்க் போடுற நம்ம செமஸ்டர் தாராளமும் கிடையாது.

கேள்விகள் எளிமை வரிசையில வராது. அதனால ஒருத்தர் முன்னாடியிருந்து, ஒருத்தர் நடுவிலிருந்து, ஒருத்தர் கடைசியிலிருந்து படிக்கணும். மத்த டீம்கள் எதை முடிக்கிறாங்கன்னு ஸ்கோர்போர்டையும் பாருங்க. வழக்கமா கடைசி ஒரு மணி நேரம் அது உறைஞ்சு நின்னுடும்.

படிக்கும்போதே உள்ளீட்டின் அளவைக் குறிச்சு வைங்க. n 2 லட்சம் வரைன்னா, ரெண்டு லூப்பை உள்ளுக்குள்ள போட்டா 4,000 கோடி படிகள். நிச்சயம் டைம் லிமிட் அடிக்கும். சார்ட் பண்ணித் தீர்க்க முடிஞ்சா சுமார் 35 லட்சம்தான். அதே மாதிரி 1 லட்சத்தை 1 லட்சத்தால பெருக்கினா 1,000 கோடி. 'இன்ட்' தாங்குறது 214 கோடி சொச்சம். இதைக் கவனிக்காம எத்தனையோ டீம் 20 நிமிஷத்தைத் தானம் பண்ணுது.

இப்ப முக்கியமான விஷயம். கீபோர்டுல உட்கார்ந்து யோசிக்காதீங்க. பேப்பர்ல தீர்வு முடிஞ்ச பிறகுதான் உட்காரணும். தப்புன்னு வந்தா கோடைப் பிரின்ட் எடுத்துக்கிட்டு எழுந்திருங்க, அடுத்தவர் உட்காரட்டும். சொல்ல சுலபம், எழுந்திரிக்க மனசு வராது! டீம் உடையறதும் பெரும்பாலும் இங்கதான். நல்லா கோட் அடிக்கிறவர் நாற்காலியை விடமாட்டார், மத்த ரெண்டு பேர் வேடிக்கை பார்ப்பாங்க. அடுத்த வருஷம் ஆளுக்கொரு டீம்.

என்னைக் கேட்டா மூணு டாப்பரைத் தேடாதீங்க. கோட் வேகமா வராட்டியும், "n = 1 ஆனா என்ன ஆகும்? எல்லா எண்ணும் ஒண்ணா இருந்தா?" என்று கேட்டுக்கிட்டே இருக்கிற ஆள் ஒருத்தர் கட்டாயம் வேணும். அவர் ஒட்டிக்கிட்டு வந்தவர் இல்ல; அனுப்புறதுக்கு முன்னாடியே தப்பைப் பிடிக்கிறவர்.

பயிற்சிக்குக் கோட்ஃபோர்சஸ் தளத்தின் ஜிம் பகுதியில பழைய போட்டிகள் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் ரூம்ல மூணு பேரும் ஒரே லேப்டாப்ல 5 மணி நேரம் முழுசா உட்காருங்க, மத்த ரெண்டு லேப்டாப்பும் பையிலேயே இருக்கட்டும். போட்டி முடிஞ்ச அந்த வாரத்துக்குள்ள, விட்டுப்போன கேள்விகள்ல ரெண்டையாவது தீர்த்து முடிங்க. அதை டைப் பண்ணவேண்டியது அன்னைக்குக் கீபோர்டைக் குறைவாத் தொட்டவர்.