ரத்தக்காட்டேரியை ஆட்டத்துக்கு அழைப்பவர்களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான கற்பனை ஆட்டங்களை நடத்த வரும் இளையவர்கள் என்னிடம் ஒரு கேள்வியோடுதான் வருகிறார்கள். வாளும் மந்திரமும் டிராகனும் இருக்கிற உலகத்தில் பாழடைந்த கோட்டை, சவப்பெட்டி, ரத்தக்காட்டேரி எல்லாம் ஒட்டுமா? ஒட்டும். ஆனால் நடத்தத் தெரியாமல் கெடுத்தவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. ஒட்டுமா என்ற கவலையை முதலில் விடுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அச்சாவதற்கும் முன்பே, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் பிளாக்மூர் என்ற ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஒருவருடைய பாத்திரம் ரத்தக்காட்டேரியாகி, சர் ஃபாங் என்ற பெயரில் மற்றவர்களால் சமாளிக்க முடியாதபடி வளர்ந்துவிட்டது. அதை அடக்குவதற்காகவே டிராகுலா படங்களின் வான் ஹெல்சிங்கை மனதில் வைத்து ஒரு வேட்டைக்காரப் பாதிரியாரை உண்டாக்கினார்கள். இன்று உங்கள் குழுவில் எல்லோருக்கும் காயம் ஆற்றிக்கொண்டிருக்கிற கிளெரிக் அந்தப் பாதிரியாரின் வாரிசு. ரத்தக்காட்டேரி வந்திராவிட்டால் அவரும் வந்திருக்க மாட்டார்.

2. ரத்தக்காட்டேரிக்கு ஒரு வீடு கொடுங்கள். ட்ரேசி ஹிக்மன் என்ற ஆட்டக்காரர் ஒருமுறை விளையாடும்போது, பாதாள அறை ஒன்றின் கதவைத் திறந்தால் சம்பந்தமே இல்லாமல் ஒரு ரத்தக்காட்டேரி நின்றதாம். இது இங்கே என்ன செய்கிறது என்ற கேள்வியோடு வீடு திரும்பியவர், மனைவி லாராவுடன் உட்கார்ந்து ஒரு கோட்டையையே எழுதினார். ஹாலோவீன் தோறும் நண்பர்களுக்கு நடத்திப் பார்த்து, 1983இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் வழியே ‘ரேவன்லாஃப்ட்’ என்று வெளியிட்டார்கள். அதில் வரும் ரத்தக்காட்டேரியான ஸ்ட்ராடுக்கு ஒரு கோட்டை, பரோவியா என்ற ஒரு நாடு, அதைச் சுற்றி யாரையும் வெளியே விடாத மூடுபனி எல்லாம் உண்டு. தம்பி செர்கேயின் மணப்பெண் மேல் ஆசைப்பட்டு, கல்யாண நாளிலேயே தம்பியைக் கொன்ற பாவமும் உண்டு. பதினேழாம் நம்பர் அறையில் 144 ஹிட் பாயிண்டோடு சும்மா நிற்கிற ரத்தக்காட்டேரிக்கு இதில் எதுவும் கிடையாது. அதற்கு நீங்கள் ஒரு கரடியை நிறுத்தியிருக்கலாம்.

3. மெழுகுவத்தியை நம்பாதீர்கள். நான் முதல்முதலாக ரேவன்லாஃப்ட் நடத்திய இரவில் விளக்கை அணைத்து மேஜையில் நான்கு மெழுகுவத்தி ஏற்றினேன். ஃபேன் காற்றில் அவை அணைந்துகொண்டே இருந்தன. ஃபேனை நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருட்டில் பகடையில் விழுந்தது ஒன்றா ஏழா என்று பார்க்க ஆளுக்கொரு செல்போன் டார்ச்சை எடுத்தார்கள். கோட்டை வாசலை நான் கால்மணி நேரம் வர்ணித்து முடித்ததும் ஒருவர், “சரி, உள்ளே எத்தனை பேர் இருக்காங்க?” என்று கேட்டார். அன்று யாரும் பயப்படவில்லை.

4. கோதிக் எனப்படும் பாழ்கோட்டைத் திகில் கதையைக் கற்பனை ஆட்டத்தில் கலப்பதில் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. 1764இல் ஹொரேஸ் வால்போல் ‘ஒட்ரான்டோ கோட்டை’யை எழுதிய நாளிலிருந்து கோதிக் கதையில் கோட்டைதான் பெரிது, அதற்குள் மாட்டிக்கொண்டவர் சிறியவர். கற்பனை ஆட்டத்திலோ உள்ளே போகிறவர் கையில் நெருப்புக் கோளம் வைத்திருக்கிறார். அவருக்கு எதைக் காட்டிப் பயம் வரவழைப்பது? ‘கால் ஆஃப் கதுலு’ ஆட்டம் 1981இல் இதற்கு ஒரு வழி சொன்னது. பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க உங்கள் பாத்திரத்தின் புத்தித் தெளிவு எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய விதிகளில் வேறொரு வழி இருந்தது. ரத்தக்காட்டேரி ஒருமுறை அடித்தால் இரண்டு லெவல் போச்சு. மாதக்கணக்கில் விளையாடிச் சேர்த்தது ஒரே அடியில் போய்விடும். டிராகனைப் பார்த்துச் சிரித்த ஆட்டக்காரர்கள் இதைக் கண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் பதிப்பில் கடித்துக் குறைக்கும் ஹிட் பாயிண்ட் உச்சவரம்பு நல்ல தூக்கம் தூங்கினால் திரும்பிவிடுகிறது. கருணைதான், ஆனால் பயம் போய்விட்டது. பழைய விதியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை, அது கொடுமை. தூங்கி எழுந்தால் திரும்பாத ஏதோ ஒன்றை ஸ்ட்ராட் எடுத்துக்கொள்ளட்டும். நம்பிய கூட்டாளி, வாக்குக் கொடுத்த ஊர், வீட்டுக்குப் போகும் வழி, இப்படி ஏதாவது.

5. ஸ்ட்ராடின் பலவீனங்களை மனப்பாடம் செய்யுங்கள். வெயில், ஓடும் தண்ணீர், இதயத்தில் ஆப்பு எல்லாம் சண்டைக்கு உதவும். கதைக்கு உதவுவது ஒன்றே ஒன்று: வீட்டில் இருப்பவர் அழைக்காமல் அவன் உள்ளே வர முடியாது.

இரண்டாம் முறை நடத்தியபோது நடந்தது இது. பரோவியா கிராமத் தலைவர் வீட்டில் ஆட்டக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். தலைவர் இறந்து சவப்பெட்டியில் கிடக்கிறார். ஸ்ட்ராட் தேடுகிற அவருடைய வளர்ப்பு மகள் ஐரீனா மாடியில் இருக்கிறாள். கதவை யாரோ தட்டும் சத்தம். மழையில் நனைந்தவர் போல ஒரு குரல், துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொல்கிறது. வீரனாக விளையாடிய கல்லூரி மாணவி கதவைத் திறந்து, கொஞ்சமும் யோசிக்காமல், “வாங்க வாங்க, உள்ளே வாங்க” என்றாள்.

நாம் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். நான் நோட்டை மூடிவிட்டு, “நன்றி” என்று மட்டும் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளுக்குப் புரிய மூன்று நொடி ஆனது. அன்று டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

6. ஸ்ட்ராடைக் காதலன் ஆக்கிவிடாதீர்கள். 1819இல் ஜான் பாலிடோரி, தான் வைத்தியம் பார்த்த கவிஞர் பைரனின் சாயலில் ஒரு ரத்தக்காட்டேரிப் பிரபுவை எழுதியது முதல் இவர்களுக்கு அழகும் சோகமும் சேர்ந்துவிட்டன. ஸ்ட்ராடும் காதல் என்றுதான் சொல்லிக்கொள்வான். வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண்ணை விடாமல் துரத்துகிறவன் அவன். 2016இல் வந்த ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ புத்தகத்தின் முன்னுரையில் ஹிக்மனே இதை எச்சரிக்கிறார். நாகரிகமாகப் பேசட்டும், விருந்து வைக்கட்டும், ஆர்கன் வாசிக்கட்டும். அவன் செய்வது சரிதானோ என்று யாருக்கும் தோன்ற விட்டுவிடாதீர்கள்.

7. அதனாலேயே, ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், எது வேண்டாம் என்று. மனதை வசியம் செய்வது, துரத்துவது, குழந்தைகளுக்கு ஆபத்து எல்லாம் இந்தக் கதையில் உண்டு. ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். கதை கெடாது.

8. வேதாளத்தைக் கொண்டுவந்து ஸ்ட்ராட் இடத்தில் வைக்காதீர்கள். 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதையை ஆங்கிலமாக்கியபோது வேதாளத்துக்கு ரத்தக்காட்டேரியின் பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. வேதாளம் அடுத்தவர் பிணத்துக்குள் புகுந்து கதை சொல்லிப் புதிர் போடும். ஸ்ட்ராட் தன் சொந்தப் பிணத்துக்குள் மாட்டிக்கொண்டவன். இரண்டும் நல்ல ஆட்டம், ஆனால் வேறு வேறு ஆட்டம்.

9. ரத்தக்காட்டேரியாகவே விளையாட ஆசைப்பட்டால் 1991இல் வந்த ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ இருக்கிறது. அங்கே வெளியிலிருந்து வரும் ஆபத்தைவிட உங்கள் மனிதத்தன்மை கரைவதுதான் பெரிய பயம். அதை இதோடு கலக்காதீர்கள்.

10. முதல் தடவைக்கு 256 பக்கமுள்ள 2016 புத்தகம் வேண்டாம், பாதியில் நின்றுவிடும். 1983இன் ரேவன்லாஃப்ட் வெறும் 32 பக்கம். அதில் மேடம் ஈவா என்ற கிழவி குறி சொல்வாள். அவள் எடுக்கும் சீட்டைப் பொறுத்து ஸ்ட்ராட் எங்கே காத்திருக்கிறான், அவனுக்கு என்ன வேண்டும், அவனைக் கொல்லும் சூரியவாள் எங்கே என்பதெல்லாம் மாறும். நடத்துகிற உங்களுக்கே முடிவு தெரியாது. இதற்குத் தனிச் சீட்டு எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் ரம்மி ஆடுகிற சீட்டுக்கட்டே போதும். ஆட்டத்துக்கு முன்னால் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். என் கட்டில் இரண்டு சீட்டு குறைந்தது.