ஒரு கருவில் ஐவர்

ஒரு மகவை வளர்ப்பதற்கே தாய்க்கு இரவும் பகலும் போதா. ஒரே பொழுதில் ஐந்து மகவுகள் பிறப்பின், பாலூட்டுவதற்கு எத்தனை கைகள் வேண்டும்? அவ்வீட்டில் கண்ணுறங்குவார் யாவர்? 1934-ஆம் ஆண்டிற்கு முன் இதற்கு விடை கூற வல்லார் எவரும் இலர். ஒரே பேற்றில் பிறந்த ஐவரும் பிழைத்து வளர்ந்த செய்தி அதுவரை உலகம் அறியாதது.

கனடா நாட்டில், ஒண்டாரியோ மாநிலத்தின் வடபால், கோர்பே என்னும் சிற்றூரை அடுத்து மரத்தாலான பண்ணைவீடு ஒன்று இருந்தது. பிரெஞ்சு மொழி பேசும் உழவராகிய ஒலிவா டியோன் என்பாரும் அவர் மனைவி எல்சீரும் அங்கு வாழ்ந்தனர். அவர்களுக்கு முன்னரே ஐந்து மக்கள் இருந்தனர். 1934-ஆம் ஆண்டு மே திங்கள் 28-ஆம் நாள் விடியற்காலையில், 25 வயதினரான அவ்வம்மையார், உரிய காலத்திற்கு இரண்டு திங்கள் முன்னதாகவே, அடுத்தடுத்து ஐந்து பெண்மகவுகளை ஈன்றார். மருத்துவர் டாஃபோ வந்து சேருமுன் மருத்துவச்சியர் இருவரே முதற் குழந்தைகளை ஏந்திக்கொண்டனர். இவோன், அனெட், செசீல், எமிலி, மரீ எனப் பெயர் பெற்ற அவ்வைவரின் மொத்த எடை ஏறத்தாழ 6 கிலோகிராம். நிறைமாதத்துக் குழந்தைகள் இருவரின் எடைக்கு அது மிகுந்ததன்று.

அவ்வீட்டில் மின்விளக்கும் இல்லை, குழாய்நீரும் இல்லை. குறைமாதத்துக் குழவிக்கு முதற்பகை குளிர். தோலின்கீழ்க் கொழுப்பு இன்மையால் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் இயலாது. ஆதலின் ஐவரையும் பிரப்பங்கூடை ஒன்றில் வரிசையாகக் கிடத்திச் சூடேற்றிய கம்பளங்களால் போர்த்து, சமையலறை அடுப்பின் திறந்த வாயருகே வைத்தனர். உறிஞ்சிக் குடிக்கும் வலிமையும் அவற்றிற்கு இல்லை. இனிப்புக் கலந்த வெந்நீரை ஆற்றி, கண்மருந்து விடும் சொட்டுக்குழாயினால் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டனர். நாட்கள் சில சென்றபின் மின்னாற்றல் வேண்டாது வெந்நீராலேயே சூடு காக்கும் பெட்டியொன்று சிகாகோ நகரிலிருந்து வந்தது. முகமறியாத தாய்மார் பலர் ஈந்த முலைப்பால் பெருநகரங்களிலிருந்து நாள்தோறும் வந்தது. செவிலியர் முறைவைத்து விழித்திருந்தனர். ஐவருள் ஒருவரையும் கூற்றுவன் கொண்டுபோகவில்லை. அடுப்பும் கூடையும் சொட்டுக்குழாயும் கொண்டு செய்த இப்பணிக்கு ஈடாக அக்கால மருத்துவமனைகளிலும் ஒன்றைக் காட்டல் அரிது.

இரட்டையர் இருவகையர். இரு சூல்முட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறப்பவர், உடன்பிறந்தார் எவரையும் போலவே ஒத்தும் வேறுபட்டும் இருப்பர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவரோ உருவால் ஒருவரை ஒருவர் ஒப்பர். இருவரும் ஆணாகவோ இருவரும் பெண்ணாகவோ இருப்பர். ஒரே கரு மீண்டும் மீண்டும் பிரிந்தே இவ்வைவரும் தோன்றினர் என்பதை டொராண்டோ பல்கலைக்கழக அறிஞர்கள் ஆய்ந்து உரைத்தனர். காண்போர் மயங்காதிருத்தற்பொருட்டு ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறமும் ஒரு குறியும் வகுக்கப்பெற்றன. அனெட்டுக்குச் சிவப்பு நிறமும் மேப்பிள் இலையும். மரீக்கு நீலநிறமும் கரடிப் பொம்மையும். மற்றை மூவர்க்கும் இவ்வாறே.

குழவி வளரும் முறையை நம் புலவர் கூர்ந்து நோக்கியே பிள்ளைத்தமிழின் பருவங்களை அமைத்தனர். கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. அமர்ந்து கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. ஆனால், குறைமாதத்துப் பிள்ளைக்கு இத்திங்கட் கணக்கு அப்படியே பொருந்தாது. ஒன்பதாந் திங்களில் சப்பாணி கொட்டவில்லையே என்று அத்தாய் கலங்க வேண்டுவதில்லை. பிறந்த நாளை விடுத்து, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவதே இன்றைய மருத்துவர் வழக்கம்.

ஐவரின் வளர்ச்சியை உளநூலறிஞர் பிளாட்ஸ் என்பார் தம் துணைவருடன் ஆராய்ந்தார். பேச்சு அவர்களுக்குத் தாமதித்தே வந்தது. இரட்டையரிடத்தும் இதனைக் காணலாம். தனிக்குழந்தை தனக்கு வேண்டுவதைப் பெரியோரிடம் சொல்லித்தான் பெறவேண்டும்; உடன் வளர்வாரோ சைகையாலும் ஒலியாலும் தமக்குள் உணர்த்திக்கொள்வர். பெரியோர் பேசும் பேச்சும் ஐந்தாகப் பங்கிடப்படுமன்றோ? மற்றொன்றும் அவர் கண்டார். ஒரே கருவில் தோன்றி, ஒரே கூரையின்கீழ் ஒரே உணவுண்டு வளர்ந்தும், ஐவரின் இயல்பும் ஒன்றாய் இல்லை. உருவம் ஒன்றாயினும் உள்ளம் ஐந்தே.

அக்கூரை அவர்தம் தந்தையின் கூரையன்று. குழவிகளைச் சிகாகோ கண்காட்சியில் வைக்க விரும்பினோர் தந்தையிடம் ஒப்பந்தம் பெற்றனர். அவர் விரைவில் அதனை முறித்துக்கொண்டார். எனினும், பிள்ளைகளைக் காட்சிப்பொருளாகாமல் காப்பதாகக் கூறி, மாநில அரசு 1935-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றி, 18 வயது நிறையும்வரை அவர்களைத் தன் காப்பில் எடுத்துக்கொண்டது. பிறந்த வீட்டிற்கு எதிரே, சாலையின் மறுபுறத்தில், வளர்ப்பகம் எழுந்தது. தாய் தன் மக்களைக் காணச் சாலையைக் கடந்து, பிறர் வகுத்த விதிக்கு உட்பட்டுச் செல்ல வேண்டியவரானார்.

காட்சியைத் தடுக்க வந்த அரசே பின்னர்க் காட்சி நடத்தியது. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தைச் சுற்றி மறைவான நடைகூடம் அமைத்தனர். நுண்கம்பி வலைக்குப் பின்னே நின்று மக்கள் திரள்திரளாகக் கண்டு சென்றனர். ஒரே நாளில் 6,000 பேர் வந்ததும் உண்டு. 1936 முதல் 1943 வரை வந்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். உணவுப் பொருள்களுக்கும் சோப்புக்கும் அவர்தம் முகங்களே விளம்பரமாயின. கண்ணேறு கழித்து மகவை வளர்க்கும் தாய்மார் இதனைக் கேட்பின் நெஞ்சு நடுங்குவர். அடுப்பருகே அமர்ந்து இரவெல்லாம் கண்ட கண்ணும், கம்பி வலைக்குப் பின்னிருந்து கண்ட கண்ணும் ஒன்றாகா. வலையின் மறைவில் ஆட்கள் நிற்பதைத் தாங்கள் அறிந்திருந்ததாகவே சகோதரியர் பின்னாளில் கூறினர்.

நெடுநாள் வழக்காடிப் பெற்றோர் மக்களை மீட்டனர். 1943-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஐவரும் தம் குடும்பத்தை அடைந்தனர். அப்பொழுது அவர்களுக்கு வயது ஒன்பது. தாயும் மக்களும் ஒருவர்க்கொருவர் புதியவராய் இருந்தனர். உடன்பிறந்தாரோடும் மனம் ஒட்டவில்லை. இழந்த ஒன்பது ஆண்டுகளை எவரால் மீட்டுத் தர இயலும்? எமிலி 20-ஆம் வயதில், 1954-இல், வலிப்பு நோயால் மறைந்தார். மரீ 1970-இல் மறைந்தார்.

1997-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் ஒரு தாய்க்கு எழுவர் பிறந்து, எழுவரும் பிழைத்தனர். அப்பெற்றோர்க்குச் சகோதரியர் மூவரும் வெளிப்படையாக ஒரு மடல் வரைந்தனர்; அம்மகவுகளை வேடிக்கைப் பொருளாகவும் விற்பனைப் பொருளாகவும் ஆகவிடாது காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மறு ஆண்டில், தங்கள் பெயரால் சேர்ந்த செல்வம் குழந்தைப் பருவத்திலேயே கரைக்கப்பட்டமைக்கு அவர்கள் நீதி கேட்டனர். அரசு முதலில் தர முன்வந்த சிறுதொகையை ஏற்க மறுத்தனர். முடிவில் 40 இலட்சம் டாலர் வழங்கப்பெற்றது. அதனைப் பெற்ற இவோன், அனெட், செசீல் ஆகியோர்க்கு அப்பொழுது வயது 63.