எகனாமிக்ஸ் டியூஷன் தேடுறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளைங்க வீட்டுல, அக்கவுண்டன்சிக்கு டியூஷன் எங்கேங்கிறது ஸ்கூல் திறக்கும்போதே முடிவாயிடும். எகனாமிக்ஸை மட்டும், ‘அது தியரிதானே, படிச்சுக்குவா’ன்னு விட்டுடுவோம். காலாண்டுப் பேப்பர் கைக்கு வந்ததும் அலறியடிச்சுக்கிட்டு ஆள் தேடுவோம். அந்த அவசரத்துல, பேனர்ல சென்டம் எடுத்தவங்க போட்டோவைப் பார்த்துப் பணத்தைக் கட்டிடாதே தங்கச்சி. உன் பிள்ளைக்கு எந்த வாத்தியார் வேணும்னு அவளோட விடைத்தாள்தான் சொல்லும்.

1. விடைத்தாளைப் பிரிச்சு வச்சு உட்காரு

ஸ்டேட் போர்டு பிளஸ் டூவுல எழுத்துத் தேர்வு 90 மார்க், அகமதிப்பீடு 10. அந்த 90 எப்படின்னா, ஒரு மார்க் கேள்வி 20, ரெண்டு மார்க் 7, மூணு மார்க் 7, அஞ்சு மார்க் 7. இதுல எங்கே ஓட்டைன்னு பாரு. ஒரு மார்க்ல போயிருந்தா அதுக்கு வாத்தியாரே வேண்டாம். தினமும் ராத்திரி புக் பேக் கேள்வியை நீயே கேட்டாப் போதும். அஞ்சு மார்க்ல போயிருந்தா, படமே போடலையா, படம் போட்டும் எந்த அச்சுல விலை, எந்த அச்சுல அளவுன்னு எழுதலையா, இல்ல படத்துக்குக் கீழே விளக்கம் இல்லையான்னு பாரு. சில பிள்ளைங்க பாடம் நல்லாப் புரிஞ்சிருந்தும் கணக்குல தடுக்கி விழும். கூடுற வருமானத்துல நுகர்வுக்குப் போற பங்கு, அதாவது எம்.பி.சி., 0.8-ன்னா பெருக்கி 5. மிச்சம் இருக்கிற 0.2-ஆல 1-ஐ வகுக்கணும், அவ்வளவுதான். அங்கே நின்னுடுவாங்க. இந்தக் குறையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக்கோ. வாத்தியார்கிட்ட முதல்ல நீட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

2. எந்த போர்டு, எந்த மீடியம்னு முதல்லயே சொல்லிடு

ஸ்டேட் போர்டுல பிளஸ் ஒன்னுக்கு நுண்பொருளியலோட இந்தியப் பொருளாதாரம், தமிழ்நாட்டுப் பொருளாதாரம் எல்லாம் வரும். பிளஸ் டூவுக்குப் பேரினப் பொருளியல், வங்கி, பன்னாட்டு வணிகம், கடைசியா கொஞ்சம் புள்ளியியல். சி.பி.எஸ்.இ.யில கதை வேற. பிளஸ் ஒன்லயே தியரி மார்க்குல பாதியைப் புள்ளியியல் பிடிச்சுக்கும். தியரி 80, புராஜெக்ட் 20. ‘ரெண்டும் ஒண்ணுதாம்மா’ன்னு யாராவது சொன்னா, அடுத்த ஆளைப் பாரு.

சி.ஏ. ஃபவுண்டேஷன் சென்டர்ல சேர்த்தா ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு தோணும். அங்கே எகனாமிக்ஸ் பேப்பர் முழுக்கவே அப்ஜெக்டிவ். போர்டு பரீட்சைக்குப் பக்கம் பக்கமா எழுதணும். அதனால எழுத்துப் பயிற்சி தனியா உண்டான்னு கேட்டுக்கோ.

தமிழ் மீடியம் பிள்ளைன்னா, சமநோக்கு வளைகோடு, நுகர்வோர் உபரின்னு பாடப்புத்தகத்துல இருக்கிற மாதிரியே வாத்தியார் பேசுறாரான்னு கவனி. அவர் ஒரு பேர் சொல்லி, புத்தகத்துல வேற பேர் இருந்தா பிள்ளை குழம்பிடும்.

3. எங்கே தேடுறது?

போன வருஷம் அதே ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்ககிட்ட கேளு. அம்மாக்களைவிட அவங்க பட்டுன்னு உண்மையைச் சொல்லிடுவாங்க. பக்கத்துக் காலேஜ்ல எம்.ஏ. எகனாமிக்ஸோ பிஹெச்.டி.யோ படிக்கிறவங்க, ரிட்டயர்டு முதுகலை ஆசிரியர்கள், எம்.ஏ., பி.எட். முடிச்சுட்டுக் குழந்தைக்காக வீட்டுல இருக்கிற பெண்கள்... இவங்கள்ல அருமையான ஆளுங்க உண்டு. போர்டு மாட்டியிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

ஸ்கூல்ல பாடம் எடுக்கிற அதே சார்கிட்ட மட்டும் கேட்காதே. அரசுப் பள்ளி ஆசிரியர் தனியா டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. தனியார் பள்ளின்னாலும், மார்க் போடுற கையிலேயே நாம பணம் கொடுக்கிறது நல்லா இருக்காது.

4. டெமோ கிளாஸ்ல இந்தக் கேள்வியைக் கேளு

சும்மா உட்கார்ந்து தலையாட்டிட்டு வராதே. ‘சார், புரட்டாசி வந்தா கோழிக்கறி விலை இறங்குது. வாங்குறவங்களும் குறையுறாங்க. விலை குறைஞ்சா தேவை கூடும்னுதானே புத்தகத்துல இருக்கு? அப்போ தேவை விதி தப்பா?’ன்னு பிள்ளையைக் கேட்கச் சொல்லு.

நல்ல வாத்தியாரா இருந்தா முகம் மலரும். பென்சிலை எடுப்பார். ஒரு தேவைக் கோடு, ஒரு அளிப்புக் கோடு போடுவார். ‘விலை இறங்கினதால ஆள் குறையலம்மா. விரதத்தால ஆள் குறைஞ்சாங்க, அதனாலதான் விலை இறங்குச்சு’ன்னு சொல்லி, தேவைக் கோட்டை மொத்தமா இடது பக்கம் நகர்த்திக் காட்டுவார். புதுக் கோடு அளிப்புக் கோட்டை வெட்டுற இடத்துல விலையும் கம்மி, அளவும் கம்மி. விதி அப்படியே நிக்குது. ஒரே கோட்டு மேல ஏறி இறங்குறது வேற, கோடே இடம் மாறுறது வேறன்னு பிள்ளைக்கு விளங்கிடும். பிளஸ் ஒன்ல பாதிப் பேர் சறுக்குற இடம் இதுதான்.

விளக்கி முடிச்சதும் பென்சிலைப் பிள்ளை கையில கொடுத்து, ‘இப்போ நீ போடு, கார்த்திகை மாசம் மாலை போடுறவங்களால காய்கறிக்கு என்ன ஆகும்?’னு திருப்பிக் கேட்டார்னா, அன்னிக்கே பேசி முடிச்சுடு. ‘அதெல்லாம் எக்ஸாம்ல வராது’ன்னார்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடு.

5. நோட்ஸ் கட்டுக்கு மயங்காதே

ஜெராக்ஸ் நோட்ஸ் கத்தை கத்தையாக் கிடைக்கும். நமக்கு வேண்டியது அது இல்ல. வாரம் ஒரு டெஸ்ட் உண்டா, திருத்திக் கொடுப்பாரா, எங்கே மார்க் போச்சுன்னு சிவப்பு மையில எழுதுவாரான்னு கேளு. திருத்தின பேப்பர் ஒண்ணைக் காட்டச் சொல்லிப் பாரு. வெறும் டிக் மட்டும் இருந்தா, அவர் படிச்சுப் பார்க்கலைன்னு அர்த்தம்.

6. பணம், நேரம், பாதுகாப்பு

வருஷத்துக்கும் சேர்த்து மொத்தமாக் கட்டாதே, மாசா மாசம் கொடு. லீவு விட்டா ஈடுகட்டுவாரா, ரிவிஷனுக்குத் தனிப் பணமான்னு முதல்லயே பேசிடு. தனியா வைக்கக் கட்டுப்படி ஆகலைன்னா, ஒரே ஸ்கூல் பிள்ளைங்க மூணு நாலு பேரைச் சேர்த்துக்கோ. செலவும் பங்காகும், பேசிப் படிக்கவும் துணை இருக்கும். நாப்பது பேர் பேட்ச்னா அது இன்னொரு கிளாஸ்ரூம்தான்.

வீட்டுக்கு வர்றவர்னா ஹால்லயே உட்காரட்டும், பெரியவங்க யாராவது வீட்டுல இருக்கணும். ஆன்லைன்னா ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கர்ல ஓடட்டும். ஆணோ பெண்ணோ, எந்தப் பிள்ளைக்கும் இதுதான் சட்டம். ராத்திரியில பிள்ளையோட போனுக்குத் தனியா மெசேஜ் வரக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடு. இதுக்குக் கோவிச்சுக்கிறவர் நமக்கு வேண்டாம்.

7. ஒரு மாசம் பார்த்துட்டு முடிவெடு

முதல்ல எழுதி வச்ச குறைத் தாளையும் புது டெஸ்ட் பேப்பரையும் பக்கத்துல வை. மார்க் உடனே ஏறாமப் போகலாம். ஆனா அச்சுக்குப் பேர் எழுதுறாளா, கணக்குல படிப்படியாப் போறாளான்னு தெரிஞ்சுடும். ஒண்ணுமே மாறலைன்னா, அவகிட்டயும் கேட்டுட்டு ஆளை மாத்து. நடு வருஷமாச்சேன்னு தயங்காதே.

டியூஷனுக்கு வசதி இல்லைன்னா அதோட உலகம் முடிஞ்சுடலை. தமிழ்நாட்டுப் பாடநூலும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் இணையத்துல இலவசமாவே கிடைக்குது, கல்வித் தொலைக்காட்சியும் இருக்கு. ஆனா அவ எழுதினதைப் படிச்சுப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் வேணும். தெருவுல எகனாமிக்ஸ் படிச்ச அக்கா ஒருத்தி கண்டிப்பா இருப்பா. வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாரு, பெரும்பாலும் இல்லைன்னு சொல்ல மாட்டா.