தூளான நிலக்கரியும் இரும்பு உலையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

அடுப்பில் இட்ட கரித்துண்டு மெல்லக் கனிந்து எரிகிறது. அதையே தூளாக்கி நெருப்பின்மேல் தூவினால் பொறி பறக்கிறது. பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் நம் மாவட்டத்தில் இதைச் சிறுவரும் அறிவர். இந்த உண்மை இரும்பு உருக்கும் உலையில் எவ்வாறு பயன்படுகிறது என்பதை இங்குக் காண்போம்.

தூள் விரைந்து எரிவது ஏன்?

ஒரு செ.மீ. பக்கமுள்ள கரிக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதை 0.01 செ.மீ. பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக நறுக்கினால் 10 லட்சம் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர செ.மீ. ஆகும். கரியின் எடை கூடவில்லை. ஆக்சிஜன் வந்து தொடும் இடம் மட்டும் நூறு மடங்காகிறது.

ஊதுலையில்

ஊதுலையின் மேற்புறமிருந்து இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல், கற்கரி ஆகியவை இடப்படுகின்றன. அடியிலுள்ள குழல்கள் வழியே 1000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடான காற்று ஊதப்படுகிறது. கற்கரிக்கு மூன்று வேலைகள் உண்டு. அது வெப்பம் தருகிறது. அதிலிருந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்சிஜனை நீக்குகிறது. மேலுள்ள சுமையைத் தாங்கி, வாயு செல்ல இடைவெளியும் விடுகிறது.

கற்கரியாகும் தரமான நிலக்கரி நம் நாட்டில் குறைவு. ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறோம். சாதாரண நிலக்கரியோ மிகுதி. அதை உலர்த்தி, சுமார் 0.075 மி.மீ. அளவுக்கு அரைத்து, அந்தக் குழல்கள் வழியே செலுத்தினால் நொடிப்பொழுதில் எரிந்துவிடும். ஒரு கிலோ தூள் ஏறக்குறைய 0.8 முதல் 0.9 கிலோ வரை கற்கரியை மிச்சப்படுத்தும். ஜாம்ஷெட்பூரில் 1990-களில் இம்முறை வழக்கிற்கு வந்தது. ஆயினும் சுமை தாங்கும் மூன்றாம் வேலையைத் தூள் செய்யாது. எனவே கற்கரியை முற்றிலும் நீக்க இயலாது.

தூளின் மறுபக்கம்

விரைந்து எரியும் குணமே ஆபத்துமாகும். 1965-இல் அன்றைய பீகார் மாநிலத்துத் தோரி சுரங்கத்தில் நிலக்கரித் தூசி வெடித்து 268 பேர் மாண்டனர். பட்டாசு மருந்தில் வெடியுப்பே ஆக்சிஜனைத் தந்துவிடும். நிலக்கரித் தூளுக்கோ காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ஆகவே அரைக்கும் இயந்திரத்திலும் சேமிப்புத் தொட்டியிலும் நைட்ரஜன் போன்ற வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனைக் குறைத்து வைக்கின்றனர்.

என் தாயார் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்க்கிறார், பள்ளி சென்றதில்லை. "சிந்தாதே, சிந்தினால் தேய்க்காதே" என்பது அவர் கற்ற வேதியியல். இக்கட்டுரையைப் படித்துக் காட்டியபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "அங்கெ தூளை ஆளு கையால தொடுவாங்களாப்பா?"

இல்லை, அங்கே தூள் மூடிய குழாய்களுக்குள்ளேயே செல்கிறது. நம் ஊரில் இன்னும் பல வேலைகளில் மருந்துக்கும் மனிதனுக்கும் இடையே வெறும் கைதான் இருக்கிறது. அந்தக் கையை விலக்கி வைக்கும் வழியைக் காண்பது, இம்மண்ணில் வேதியியல் பயிலும் நம் கடமையன்றோ!