அறிவிக்கைக்குக் காத்திருக்க வேண்டுமா?

கணினிசார் உயிரியலிலும் மருத்துவ உயிரியலிலும் முனைவர் பட்டம் பெறுவோரிடையே வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: முதுமுனைவர் ஆய்வுப் பணி, அதாவது பட்டத்துக்குப் பின் வேறோர் ஆய்வுக்குழுவில் சில ஆண்டுகள் செய்யும் தற்காலிக ஆய்வு, தேர்வாணைய வேலையைப் போல அறிவிக்கை வந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டியது என்பதாகும். அறிவிக்கைகள் வருவது உண்மையே. ஆயினும் பல இடங்கள் அதற்கு முன்பே, குழுத் தலைவருக்கு நேரே எழுதப்பட்ட ஒரு கடிதத்தால் நிரம்பிவிடுகின்றன. பணமில்லாத குழுவிலும், ஆய்வாளர் தம் ஊதியத்தைத் தாமே ஈட்டிக் கொண்டுவரும் நல்கையின் வழியாக இடம் உருவாகிறது. எந்நாட்டவரும் கோரக்கூடிய ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி நல்கைக்கு, ஏற்கும் நிறுவனத்தோடு இணைந்தே திட்டம் எழுதப்பட வேண்டும். விண்ணப்பக் காலம் வழக்கமாகச் செப்டம்பரில் முடிந்து, முடிவு மறு ஆண்டின் தொடக்கத்தில்தான் தெரியவரும் என்பதால், வாய்மொழித் தேர்வு முடியட்டும் என்று தேடலைத் தள்ளிப்போடுபவர் ஓராண்டையே இழக்க நேர்கிறது.

கடிதம் எழுதுவோரிலும் பலர், எவருக்கும் பொருந்தும் ஒரே மடலை ஐம்பது பேருக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையென்று சோர்ந்துபோகின்றனர். கடிதம் பெறும் குழுவின் அண்மைக் கட்டுரையொன்றைச் சுட்டி, ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று காட்டும் ஒற்றைச்செல் ஆர்.என்.ஏ. தரவில், மாதிரிகள் வெவ்வேறு நாள்களில் அளக்கப்பட்டதால் புகுந்த வேறுபாடு எவ்வாறு நீக்கப்பட்டது என்று வினவி, அங்கே தம் முறை என்ன செய்யும் என்பதை நான்கு வரிகளில் கூறி, கிட்ஹப்பில் உள்ள தம் நிரலுக்கு இணைப்புத் தரும் கடிதமே கவனிக்கப்படுகிறது. அந்நிரல் பிறர் கணினியிலும் சிக்கலின்றி ஓடுமாயின், பரிந்துரைக் கடிதம் சொல்லாததையும் அது சொல்லிவிடும்.

உயிரியல் பட்டம் இல்லாதவருக்கு இத்துறையில் இடமில்லை என்பது மற்றொரு நம்பிக்கை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவரானவர். உயிரியலை மீண்டும் மாணவராக அமர்ந்து கற்று, யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் முதுமுனைவர் ஆய்வாளராகச் சேர்ந்து, செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமை ஆராயத் தொடங்கினார். அதே ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இயற்பியல், கணிதம், கணினியியல் போன்ற துறைகளிலிருந்து உயிரியலுக்கு வருவோருக்கென்றே மனித எல்லை அறிவியல் திட்டம் எனும் பன்னாட்டு அமைப்பு தனி நல்கை வழங்கிவந்துள்ளது. ஆயினும் கணிதம் தெரிந்தால் போதும் என்று எண்ணுவதும் அதே அளவு பிழையாகும். வெங்கி மீண்டும் வகுப்பறைக்குச் சென்றது வீணுக்கல்ல.

அமெரிக்க அரசின் நல்கைகள் யாவும் அந்நாட்டவருக்கே என்பதும் முழு உண்மையன்று. அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தரும் எஃப்32 நல்கை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருக்கும் உரியது. கே99 நல்கையோ வெளிநாட்டவருக்கும் திறந்திருந்து வந்துள்ளது.

புகழ்பெற்ற ஆய்வகம் கிடைத்தால் எதிர்காலம் உறுதி என்னும் நம்பிக்கையே மிகுந்த இழப்பைத் தருகிறது. மருத்துவ உயிரியலில் ஆய்வின் உயிர் நோயாளிகளின் தரவில் இருக்கிறது. ஏறத்தாழ 5 இலட்சம் பேரின் தகவல்களைக் கொண்ட யூகே பயோபேங்க் போன்ற களஞ்சியங்களில் அணுக்க உரிமை ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கும் நிறுவனத்துக்கும் உரியதாகையால், குழுவை விட்டுச் செல்பவர் தாம் எழுதிய நிரலோடு வெளியேறலாம், தரவோடு வெளியேற இயலாது. எந்தப் பகுதியைத் தம்முடையதாகக் கொண்டுசெல்லலாம் என்று சேரும் முன்பே தலைவரிடமும், அங்கிருந்து விலகிச் சென்ற இருவரிடமேனும் கேட்பது நாகரிகக் குறைவு அன்று. நல்ல தலைவர்கள் அக்கேள்வியை எதிர்பார்த்தே இருக்கின்றனர்.